ஏரியல் நிற்கும் இடம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கல்குவாரி. காலை எட்டு மணிக்கே பாறை சூடேறிவிட்டது. வடக்கு விளிம்பில் மண் கொட்டி உயர்த்திய மேட்டின்மேல் இரண்டு முக்காலிகள் நின்றன. ஒன்றின் தலையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கருவி. அதுதான் பேஸ். சில மீட்டர் தள்ளி நின்ற இன்னொன்றில் கறுப்புக் கம்பி ஏரியல். அதன் காலடியில் ரேடியோப் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் கார் பேட்டரி. சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப்புகள் பேட்டரியைக் கவ்வியிருந்தன.

குவாரியின் குத்தகை எல்லையை ஒட்டிய பட்டா நிலம் எங்கள் உறவினருடையது. அளக்கும்போது நம் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும் என்று என்னை அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பேச வேலையில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளக்க வந்தவர்கள் மூன்று பேர். சர்வேயர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். முழுக்கைச் சட்டை, துணித் தொப்பி, கழுத்தில் தொங்கும் கண்ட்ரோலர். ரோவர் என்னும் நடமாடும் கருவியின் கம்பத்தைத் தூக்க ஒரு பையன். மூன்றாவது ஆள் அறுபதைத் தாண்டிய பெரியவர். பழைய செயின்மேன். 66 அடிச் சங்கிலியை நூறு கண்ணியும் நேராக நிற்க இழுத்துப் பிடித்தே வயதானவர் என்பதை அவருடைய தோளே சொன்னது. இன்று இழுக்கச் சங்கிலி இல்லை. பேஸையும் பேட்டரியையும் யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் காவல் இருப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. மற்ற இருவரும் எல்லைத் தூண்களைத் தேடி ஒன்றரை கிலோமீட்டர் சுற்றுவார்கள். பெரியவர் நாள் முழுக்க இந்த மேட்டிலேயே இருப்பார்.

அவர் உட்கார்ந்த இடம் ஏரியல் முக்காலியின் காலடி. வெயிலுக்குத் தார்ப்பாயின் ஒரு மூலையை முக்காலியிலேயே கட்டியிருந்தார். ரேடியோப் பெட்டியின்மேல் தண்ணீர் பாட்டில். முதுகுக்குப் பின்னால், தலைக்குக் கொஞ்சம் மேலே, அந்தக் கறுப்புக் கம்பி.

சர்வேயர் சுவிட்சைப் போடக் குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"அய்யா, இங்க உக்காராதீங்க."

"ஏம்மா, நெழலு இங்கதான இருக்குது?"

"நெழல நாம நகத்திக்கலாம். எழுந்திருங்க."

தார்ப்பாயை அவரே அவிழ்த்தார். எட்டி எட்டி நடந்து, ஐந்து மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இரண்டு கம்புகள் நட்டு அதைக் கட்டிக் கொடுத்தார். ஏரியலைச் சுற்றி ஆணி அடித்து நைலான் கயிறு ஓட்டினார். பெரியவர் பாட்டிலோடு இடம் மாறினார். முகத்தில் கொஞ்சம் வருத்தம். அந்த வெள்ளை மிஷினை விட்டுத் தள்ளி உட்காரச் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்போல. "சேட்டிலைட்டுலருந்து கதிர் எறங்குதா?" என்று கேட்டார்.

"அது வெறுமனே கேக்குற மிஷின். பக்கத்துலயே படுத்தாலும் ஒண்ணும் ஆவாது. இந்தக் கம்பிதான் பேசுது. இதுகிட்டதான் நிக்கக் கூடாது."

இப்படிப் பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. ஜிபிஎஸ் என்றதும் எல்லோருடைய கண்ணும் வானத்துக்குத்தான் போகிறது. அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் கிளம்பும் அலை தரைக்கு வந்து சேரும்போது, ஏரியல் பிடிப்பது ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வானொலி இரைச்சலுக்கும் கீழே கிடக்கும் அந்தத் துளியை, முன்கூட்டியே தெரிந்த குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கருவி பிரித்தெடுக்கிறது. மேலிருந்து வருவதில் அஞ்ச ஏதுமில்லை.

ஆனால் அந்தத் துளியை மட்டும் வைத்து எல்லைக்கல் நட முடியாது. வளிமண்டலத்தைக் கடந்து வருவதில் அது சில மீட்டர் பிசகும். அந்தப் பிசகைக் கழிக்கத்தான் பேஸ். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் அது அசையாமல் உட்கார்ந்து, தான் கேட்டதை விநாடிக்கு ஒரு முறை ரோவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ரோவர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஓரிரு சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். அந்த நிலையைச் சர்வேயர்கள் 'பிக்ஸ்' என்பார்கள். கணக்கு முடியாமல் இழுத்தால் 'ப்ளோட்'.

அனுப்பும் வேலை அந்த ரேடியோப் பெட்டியுடையது. 400 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் பேசும் இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு இரண்டு நிலை உண்டு. குறைந்த நிலையில் ஓரிரு வாட், உயர் நிலையில் 35 வாட் வரை. பழைய 2ஜி செல்பேசி தன் முழுப் பலத்தோடு அனுப்பியதே 2 வாட்தான். மேட்டில் நின்றது வானத்துத் துளியைக் கேட்கும் காது ஒன்று, தரையில் உரக்கப் பேசும் வாய் ஒன்று. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் காவலுக்கு இருப்பவர் வாய்க்கருகில் போய் உட்காருகிறார்.

இந்த அலை எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்காது. உறுதியாகத் தெரிந்த கெடுதல் சூடு. பலமான அலைக்கு மிக அருகில் இருந்தால் உடலின் திசு சூடேறும். ரத்த ஓட்டம் இல்லாத கண் வில்லைக்குச் சூட்டை வெளியேற்றும் வசதியும் குறைவு. நீண்ட நாள் விளைவைப் பற்றி, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலையைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி வகையில் வைத்தது. சான்று குறைவு, ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது என்பது அந்த வகையின் பொருள். பயந்து ஓட இதில் ஒன்றுமில்லை. தள்ளி உட்காரக் காரணம் இருக்கிறது. தள்ளி உட்கார ஒரு பைசா செலவில்லை என்பதும் ஒரு காரணம்தான்.

எவ்வளவு தள்ளி என்பதைக் கணக்கே சொல்லிவிடும். தூரம் இரட்டித்தால் அலையின் அடர்த்தி நாலில் ஒன்றாகும். 450 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.3 மில்லிவாட். எளிய கம்பி ஏரியலில் 35 வாட் இடைவிடாமல் போவதாக வைத்தால் ஒன்றேகால் மீட்டரில் அந்த வரம்புக்குள் வந்துவிடலாம். அலையைக் கிடைமட்டமாகக் குவிக்கும் நீள ஏரியல் என்றால் இரண்டு மீட்டரைத் தாண்ட வேண்டும். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் செல்பேசிக் கோபுரங்களுக்குப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதிக்கிறது. அது கோபுரங்களுக்கான விதிதான். அந்த அளவுகோலை இந்த எளிய கம்பிக்கு வைத்துப் பார்த்தால் நாலரை மீட்டர் வரும். விநாடிக்கொரு துணுக்காக அனுப்புவதால் சராசரி இன்னும் குறையும் என்பது உண்மை. ஆனால் பெரியவர் எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவர். சர்வேயர் கயிறு கட்டிய ஐந்து மீட்டர் எனக்குச் சரியாகவே பட்டது.

கருவிகள் வந்த பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே நுரைப்பஞ்சுப் பள்ளத்தில் மடித்து வைத்த ஒரு தாள். அவர்கள் கிளம்பிய பிறகு பெரியவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்து. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் என்று வரிசை நீண்டது. அமெரிக்க விதியின் இரண்டு நிபந்தனைகள் முதலில்: இந்தக் கருவி பிறருக்குத் தீங்கான இடையூறு தரக் கூடாது, தனக்கு வரும் இடையூறு எதுவானாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்து ஐரோப்பியக் குறி, கனடாவின் எண். அதற்குக் கீழே, ஏரியலிலிருந்து ஆள் நிற்க வேண்டிய தூரம். மின்கம்பிக்கு அருகே கம்பத்தைத் தூக்காதே. இடி மின்னலின்போது வேலையை நிறுத்து. வெடிவைக்கும் இடத்தில் ரேடியோவை அணை. ஒவ்வொன்றும் ஆள் உயிரைக் காக்கும் வரி. ஏரியலுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருக்கப் போகிறவருக்குப் புரியும் மொழியில் ஒரு வரிகூட இல்லை.

இது எனக்கு ஆறவில்லை. தமிழ்நாட்டில் விற்கும் கருவிக்குத் தமிழில் ஒரு தாள் போட எத்தனை ரூபாய் ஆகிவிடும்? வாங்குகிறவர் பொறியாளர், அவருக்கு ஆங்கிலம் தெரியும், அது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பொறியாளர் கண்ட்ரோலரோடு ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார். ஏரியலோடு இருப்பது உதவியாள்.

ஒன்பதரை மணிக்கு ரோவர் மேற்கே மூன்றாவது தூணுக்குப் போயிருந்தது. பெரியவரின் செல்பேசி ஒலித்தது. பையன். சத்தமாக வைத்துப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"தாத்தா, சிக்னல் விட்டு விட்டு வருது. பொட்டியில ஹைன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதப் போடுங்க."

பெரியவர் எழுந்து கயிற்றருகே போனார். மறுமுனையில் போன் கைமாறியது. "அய்யா, எதையும் தொடாதீங்க. நானே வரேன்."

வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்தார். முதலில் ரேடியோவை அணைத்தார். பிறகு கயிற்றுக்குள் போய் ஏரியலைக் கழற்றி, வண்டியிலிருந்து எடுத்துவந்த நீட்டுக் கம்பத்தில் மாட்டி, ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினார். ஏற்றுவதற்கு முன்னும் ஏற்றும்போதும் தலைக்குமேல் மின்கம்பி ஏதும் போகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டார். சுவிட்ச் பழைய குறைந்த நிலையிலேயே இருந்தது.

குறுக்கே மேடில்லாத தரையில், 2 மீட்டர் உயர ஏரியலிலிருந்து ரேடியோ அலைக்குத் தொடுவானம் சுமார் 6 கிலோமீட்டர். 5 மீட்டர் உயரம் என்றால் 9 கிலோமீட்டருக்கு மேல். குவாரியிலோ தோண்டிப் போட்ட மண்மேடும் ஜல்லிக் குவியலும் வழியை மறைக்கும். பலத்தைப் பதினைந்து மடங்கு கூட்டினாலும் மேட்டுக்குப் பின்னால் இருப்பவனுக்கு எட்டுவது நிச்சயமில்லை. ஏரியல் மேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தால் இரண்டு வாட்டே போய்ச் சேரும். உயர்த்தியதில் இன்னொரு நன்மையும் வந்தது. கீழே நிற்கும் ஆளின் தலைக்கும் ஏரியலுக்கும் நடுவே மூன்று மீட்டருக்கு மேல் இடைவெளி. வேலைக்கு நல்லதும் ஆளுக்கு நல்லதும் ஒரே முடிச்சில் முடிந்ததைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது.

சிக்கல் அதோடு தீரவில்லை. பெட்டியைப் போட்டும் ரோவர் ப்ளோட்டிலேயே நிற்பதாகப் பையன் போனில் சொன்னான். கண்ட்ரோலரைப் பார்த்த சர்வேயர், வேறு யாரோ அதே அலைவரிசையில் இருக்கிறார்கள் என்றார். நெடுஞ்சாலைப் பக்கமும் அளவை நடக்கிறதாம்.

"வேற நம்பர் அடிச்சுடலாம் மேடம். போன சைட்ல அப்படித்தான் பண்ணாங்க."

"நம்ம லைசென்ஸ்ல ரெண்டு ப்ரீக்வென்சிதான் இருக்கு. ரெண்டாவதப் போடுறேன். அதுவும் ஆவலன்னா போஸ்ட் பிராசஸ் பண்ணிக்கலாம்."

போஸ்ட் பிராசஸ் என்றால் இரண்டு பக்கத்துப் பதிவையும் எடுத்துப் போய் ராத்திரி கணினியில் கணக்குப் போடுவது. வேலை இரட்டிப்பு. அதற்கும் தயாராக இருந்தார். கண்ட எண்ணைத் தட்டத் தயாராக இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டலில் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அதே 400 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் வாக்கிடாக்கி வைத்திருக்கும் பல துறைகள் பேசிக்கொள்கின்றன. விநாடிக்கொரு முறை துடிக்கும் ரேடியோ ஒன்று அங்கே நுழைந்தால், யாரோ ஒருவருடைய அவசரப் பேச்சு துண்டு துண்டாகும். இந்தியாவில் இந்தப் பெட்டியை விற்பதற்கு முன் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அனுப்புவதற்குத் தனி உரிமமும் வேண்டும். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த பலத்துக்கு, உரிமம் தேவையில்லை என்று 2005இல் விலக்கு வந்தது. 400இன் பக்கம் இந்தப் பெட்டியின் பலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் இடத்துக்கென்று 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் மாறினாலும் அடிப்படை ஒன்றே: அலைவரிசை பொதுச்சொத்து, கேட்டு வாங்கித்தான் எடுக்க வேண்டும். புறம்போக்கை அளந்து ஆக்கிரமிப்பைச் சுட்டிக்காட்டும் தொழிலில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டாமா?

இரண்டாவது அலைவரிசையில் பிக்ஸ் கிடைத்தது. ஏழாவது தூண் வரை மளமளவென்று முடிந்தது. எட்டாவது தூணுக்குமேல் உயர் அழுத்த மின்கம்பி போனது. ரோவர் கம்பம் கார்பன் பைபர். பார்க்கப் பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும். பையன் அதைத் தோளில் செங்குத்தாகச் சாய்த்துக்கொண்டு நடந்தான். சர்வேயர் தூரத்திலிருந்தே கைகாட்டி நிறுத்தி, கம்பத்தை மடக்கிக் கிடையாகப் பிடிக்கச் சொல்வது எனக்குத் தெரிந்தது. அந்தத் தூணை நேராக அளக்காமல், தள்ளி இரண்டு புள்ளி எடுத்து நாடாவால் முடித்துக்கொண்டார்கள்.

பதினொன்றரை மணிக்குக் குழிக்குள்ளிருந்து குவாரியின் மேட், வெடிவைப்பைப் பார்த்துக்கொள்பவர், ஏறி வந்தார். காக்கிச் சட்டை, கல்தூள் படிந்த புருவம். மேட்டிலிருந்த உயர ஏரியலைப் பார்த்ததும் நடை வேகமானது.

இது மின்சாரக் கேப்பு புழக்கத்திலிருந்த காலத்தில் நடந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அவற்றை ஒன்றிய அரசு தடைசெய்துவிட்டது. கேப்பு என்றால் டெட்டனேட்டர். சுண்டுவிரல் நீளத்து உலோகக் குழாய், உள்ளே மயிரிழைக் கம்பி, வெளியே இரண்டு கால்கம்பிகள். மின்சாரம் பாய்ந்தால் மயிரிழை பழுக்கும், மருந்து வெடிக்கும், அது துளையிலிருக்கும் பெரிய மருந்தைக் கிளப்பும். அந்த இரண்டு கால்கம்பிகளும் பாறையின்மேல் விரிந்து கிடக்கும்போது அவையும் ஓர் ஏரியல்தான். பக்கத்தில் பலமான ரேடியோ பேசினால் அவற்றில் மின்சாரம் ஊறும். மயிரிழை பழுக்கப் பெரிய மின்சாரம் வேண்டாம்.

மேட் சர்வேயரைப் போனில் பிடித்தார். "மேடம், கேப்பு எறக்கப் போறோம். ரேடியோவ அமத்தணும். வாக்கிடாக்கி கொண்டாந்திருந்தா அதையும்."

"இருங்கண்ணா, நான் வந்து பேட்டரியோட கழட்டிடுறேன். அதுவரைக்கும் நீங்க எடுக்காதீங்க."

"எடுக்கல."

அவர் வந்து சேரும்வரை மேட் அந்த மேட்டிலேயே நின்றார். சுவிட்சை அணைத்ததோடு விடாமல், சர்வேயர் கிளிப்புகளை எடுத்துக் கையில் காட்டியதும்தான் குழியை நோக்கிக் குரல் கொடுத்தார். பிறகு நான் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கேப்பின் இரண்டு கால்கம்பிகளும் முனையில் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தன. முறுக்கியிருக்கும்வரை கண்ட மின்சாரம் மயிரிழைக்குப் போவது குறையும். மேட் ஒவ்வொரு முறுக்கையும் விரலால் நெருடிப் பார்த்துவிட்டுத்தான் துளைக்குள் இறக்கினார். இணைப்புக் கொடுக்கும் நேரத்தில்தான் முறுக்கு பிரியும். அப்போது குழியில் அவரைத் தவிர வேறு ஆளில்லை.

எங்கள் எல்லோரையும் சாலைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். சங்கு ஊதியது. சிவப்புக் கொடிகள். பன்னிரண்டேகாலுக்கு நிலம் அதிர்ந்து, புகை எழுந்து, கற்கள் சரியும் ஓசை வெகுநேரம் கேட்டது. மேட் குழிக்குள் போய் வெடிக்காத துளை ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு வரும்வரை யாரும் அசையவில்லை.

அந்த நேரத்தில் சர்வேயர் மடியில் ஓர் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பெட்டித் தாளைப் பக்கத்தில் விரித்திருந்தார். மார்க்கர் பேனா, பெரிய எழுத்து. பெரியவர் குனிந்து எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"ஏரியல் பக்கத்தில் ஐந்து மீட்டருக்குள் உட்காராதே. ஏரியலைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்று. மின்கம்பிக்குக் கீழே கம்பத்தை நீட்டாதே. வெடி வைக்கும் இடத்தில் ரேடியோவைப் போடாதே."

"அஞ்சு மீட்டர்னா எங்களுக்கு எங்கம்மா தெரியுது? பதினாறு அடின்னு போடு."

சர்வேயர் அரை அடி கூட்டி, பதினாறரை அடி என்று பக்கத்தில் சேர்த்தார். பையன் அட்டையை வாங்கிப் பெட்டி மூடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டினான். மேட் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"இனிமே சர்வேக்கு யாரு வந்தாலும் இதக் காட்டுறேன். நாளைக்கும் வரீங்களா மேடம்?"

"தெக்கால இன்னும் ஆறு தூண் இருக்குண்ணா."

"அப்ப ஏழு மணிக்கே வந்துடுங்க. பத்தரைக்கு மேலதான் கேப்பு எடுப்பேன். உங்க நம்பரக் குடுங்க, எடுக்கறதுக்கு முன்ன அடிக்கிறேன்."

எண்ணைச் சொன்னார். மேட் அங்கேயே ஒரு முறை அழைத்துப் பார்த்து, மணி அடிக்கிறது என்று உறுதி செய்துகொண்டு குழிக்குள் இறங்கினார்.